மனூ சாலையில் பறவை பார்க்கவும் படமெடுக்கவும்: பெரு காட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெருவின் குஸ்கோ நகரிலிருந்து வடகிழக்கே ஒரு மலைச்சாலை போகிறது. பவுகார்தாம்போ என்ற சிற்றூரைத் தாண்டி, சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் அகனாகோ கணவாயில் ஏறி, அங்கிருந்து மேகக்காட்டின் வழியாக வளைந்து வளைந்து இறங்கி, 500 மீட்டர் உயரத்தில் அமேசான் சமவெளியைத் தொடுகிறது. மனூ தேசியப் பூங்காவின் ஓரமாகவே இறங்கும் சாலை இது. 1973இல் அமைக்கப்பட்ட இந்தப் பூங்காவுக்கு 1987இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இதற்குள் வாழ்கின்றன. இந்தியா முழுவதையும் சேர்த்தாலே 1,300 சொச்சம்தான் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த எண்ணின் கனம் புரியும்.

ஆனால் போய் இறங்கியதும் பறவை கண்ணில் படாது. இலைதான் படும். முதல் இரண்டு நாளும் நான் கேமராவைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். கிடைத்ததெல்லாம் ஆடும் கிளைகளும் பறவையின் வாலும்தான். மூன்றாம் நாள் கேமராவை அறையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு நடந்தபோதுதான் காடு கேட்கத் தொடங்கியது. கேட்ட பிறகு பார்க்க முடிந்தது, பார்த்த பிறகு எடுக்க முடிந்தது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையில்தான் போகும்: முதலில் காது, அப்புறம் கண், கடைசியில் கேமரா.

எப்போது, எத்தனை நாள்

மே முதல் அக்டோபர் வரை மழை குறைந்த காலம். டிசம்பர் முதல் மார்ச் வரை மண்சரிவில் சாலை அடைபடும். அந்த மாதங்களில் முதல் பயணம் வேண்டாம். பஞ்சவர்ணக்கிளிகள் களிமண் சரிவில் கூட்டமாக இறங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தெற்கிலிருந்து திடீரெனக் குளிர்காற்று வந்து இரண்டு மூன்று நாள் காட்டையே போர்த்திவிடும். 'ஃப்ரியாஹே' என்பார்கள். அந்த நாட்களில் பறவைகள் அடங்கிவிடும். அதனால் திட்டத்தில் கூடுதலாக இரண்டு நாள் வைத்திருப்பது நல்லது.

பத்து நாள் இருந்தால் இப்படிப் பிரிக்கலாம். குஸ்கோவில் இரண்டு நாள். வைகேச்சா ஆய்வு நிலையம் இருக்கும் மேல் மேகக்காட்டில், ஏறத்தாழ 3,000 மீட்டரில், இரண்டு நாள். சான் பெத்ரோ பக்கத்து நடு உயரத்தில், 1,400 மீட்டர் வாக்கில், இரண்டு நாள். அப்புறம் பில்கோபாத்தா வழியாக அதலாயா படகுத்துறைக்கு வந்து, ஆல்டோ மாத்ரே தே தியோஸ் ஆற்றில் படகேறி, பிளாங்கியோ பக்கம் மூன்று நாள். திரும்பும்போது வந்த வழியே மலையேற வேண்டியதில்லை. படகில் போகா கொலராடோ போய், அங்கிருந்து தரைவழியாக புவெர்தோ மால்தோனாதோ சேர்ந்தால் விமானம் இருக்கிறது.

ஐந்து நாள்தான் இருக்கிறது என்றால் எல்லா உயரத்தையும் தொட ஆசைப்படாதீர்கள். மேகக்காட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓடி ஓடி எதையும் பார்க்காமல் திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஊசி, விசா, மூச்சு

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கடைசி நேரத்துக்குத் தள்ளக் கூடாது. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் பெரு இருக்கிறது. திரும்பி இந்தியாவில் இறங்கும்போது சான்று இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும், அதன்பின் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். எந்த நாளில் போடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு போங்கள். மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் ஆகியவற்றில் ஒன்றின் விசா குறைந்தது ஆறு மாதத்துக்குச் செல்லுபடியாக இருந்தால் இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்குப் பெரு விசா தனியாகத் தேவைப்படுவதில்லை. விதி மாறக்கூடியது, டிக்கெட் போடும் முன் தூதரகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

குஸ்கோ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்திலிருந்து இறங்கியதும் படியேறினாலே மூச்சு வாங்கும். முதல் நாள் படுத்திருங்கள், தண்ணீர் குடியுங்கள், கோகா இலைத் தேநீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். இரண்டாம் நாள் ஊருக்குத் தென்கிழக்கே இருக்கும் உவாகர்பாய் ஏரிக்குப் போய் மெல்ல நடக்கலாம். தாடி வைத்தது போலக் கழுத்தில் வண்ணக்கீற்று மின்னும் ஒரு ரீங்காரச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) அங்கே காட்டுப் புகையிலைப் பூக்களுக்கு வரும். பெருவைத் தவிர வேறெங்கும் கிடையாது அது. உடம்பு உயரத்துக்குப் பழகவும் ஆகும், பட்டியலும் தொடங்கிவிடும்.

கிளம்பும் முன் ஒரு மாதம்: காதுக்குப் பயிற்சி

தியடோர் பார்க்கர் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் நாலாயிரம் இனங்களின் குரலை மனதில் வைத்திருந்தார் என்பார்கள். 1982இல் அவரும் சக ஆய்வாளர் ஸ்காட் ராபின்சனும் மனூவின் கொச்சா கஷூ ஆய்வு நிலையத்தில் மோட்டார் வாகனம் எதுவும் இல்லாமல் ஒரே நாளில் 331 இனங்களைப் பதிவு செய்தார்கள். அடர்ந்த காட்டில் கண்ணை மட்டும் நம்பினால் அந்த எண்ணிக்கையில் கால்வாசிகூட வராது.

நமக்கு நாலாயிரம் வேண்டாம், முப்பது போதும். சீனோ-கான்டோ தளத்தில் குரல்களைக் கேட்கலாம். நாளுக்கு ஒரு பறவை, கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை. எந்த முப்பது என்று, பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிவிடும் ஈபேர்ட் தளத்தில் நீங்கள் போகும் இடத்தின், அதே மாதத்தின் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முதலில் கற்க வேண்டியது ஸ்க்ரீமிங் பிஹா. சாம்பல் நிறத்தில், கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத பறவை. ஆனால் சமவெளிக் காடு முழுக்க அதன் விசில்தான் சாட்டை சுழற்றுவது போல வெடித்துக்கொண்டிருக்கும். அதைத் தெரிந்து வைத்தால்தான் அதைக் கழித்துவிட்டு மற்றவற்றைக் கேட்க முடியும்.

பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் செயலியில் பெருவுக்கான தொகுப்பை இங்கேயே இறக்கிக்கொள்ளுங்கள், காட்டில் சிக்னல் கிடையாது. அதைத் துணைக்கு மட்டும் வையுங்கள். அது சொன்னதற்காகப் பட்டியலில் எழுதாதீர்கள்.

பையில் என்ன

பைனாகுலர் 8x42. பத்து மடங்கு வேண்டுமென்று தோன்றும், ஆனால் காட்டில் அகலமான பார்வைதான் உதவும். இலைகளுக்கிடையே துள்ளும் பறவையைப் பத்து மடங்கில் தேடிப் பிடிப்பதற்குள் அது அடுத்த மரத்தில் இருக்கும்.

லென்ஸ் விஷயத்தில் எடையைத்தான் முதலில் பாருங்கள். 100-400 அல்லது எடை குறைந்த 500 மி.மீ. எஃப்/5.6 இரண்டில் ஒன்று போதும். 600 மி.மீ. எஃப்/4 அருமையான லென்ஸ்தான், ஆனால் ஈரமான பாதையில் ஆறு மணி நேரம் அதைச் சுமந்தவர் நிமிர்ந்து பார்க்கும் தெம்பை இழந்துவிடுவார். முக்காலிக்குப் பதில் ஒற்றைக்கால் மோனோபாட். பேட்டரி நான்கு, ஏனென்றால் பல தங்குமிடங்களில் ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம்தான் ஓடும். நம் ஊர் இரண்டு பின் சார்ஜர் பெரும்பாலும் அங்கே பொருந்திவிடும்.

முழுக்கை சட்டை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், பேன்ட்டை சாக்ஸுக்குள் சொருகுவது ஆகிய மூன்றும் கட்டாயம். புல்லில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறுபூச்சி கடித்தால் ஒரு வாரம் அரிக்கும். மணல் ஈயால் லீஷ்மேனியா நோய் பரவும் பகுதி இது, மாலையில் கையை மூடியே வையுங்கள். டீட் கலந்த பூச்சிவிரட்டி பூசினால் உள்ளங்கையை உடனே துடையுங்கள். அது பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கரைக்கும். என் பைனாகுலரின் ஃபோகஸ் வளையத்தில் கட்டைவிரல் ரேகை பதிந்து பிசுபிசுப்பாக இன்னும் இருக்கிறது.

மேகக்காடு: கூட்டம் வரும்வரை

வண்டியை முன்னால் போய் நிற்கச் சொல்லிவிட்டு, இறக்கத்தில் மெதுவாக நடங்கள். அரை மணி, முக்கால் மணி ஒன்றும் இருக்காது. பனி, பாசி, சொட்டும் தண்ணீர், அவ்வளவுதான். திடீரென எங்கோ 'ட்சிக், ட்சிக்' என்று மெல்லிய ஒலிகள். வழிகாட்டி கையை உயர்த்தி, "பந்தாதா" என்பார். ஸ்பானிஷில் கூட்டம் என்று பொருள். பல இனங்கள் சேர்ந்து இரை தேடிக்கொண்டே நகரும் கலப்புக் கூட்டம் அது. அடுத்த ஐந்து நிமிடத்தில் இருபது இனம் கடந்து போகலாம், அப்புறம் மறுபடி அமைதி.

இந்த ஐந்து நிமிடத்தை எப்படிச் செலவழிக்கிறோம் என்பதில்தான் நாளே இருக்கிறது. முதல் ஒரு நிமிடம் கேமராவைத் தொடாதீர்கள். வெறுங்கண்ணால் கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று மட்டும் பாருங்கள். இடமிருந்து வலமா, மேலிருந்து கீழா? தெரிந்ததும் கூட்டத்துக்கு முன்னால் பத்தடி நடந்து, பாசியும் பழமும் உள்ள ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து அதில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். கூட்டத்தின் பின்னால் ஓடினால் முதுகுதான் கிடைக்கும்.

இந்தச் சாலையில் படமெடுப்பவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ஒருபுறம் மலைச்சுவர், மறுபுறம் பள்ளம். பள்ளத்திலிருந்து எழும் மரங்களின் உச்சி நம் கண்மட்டத்தில் நிற்கும். மற்ற காடுகளில் கழுத்து வலிக்க அண்ணாந்து, வெள்ளை வானத்தின் முன் கறுப்பு நிழலாகப் பறவையை எடுக்க வேண்டியிருக்கும். இங்கே எதிர்ச்சரிவின் பச்சை பின்னணியாக வந்து நிற்கும். எப்போதும் பள்ளத்துப் பக்க ஓரத்தில் நடங்கள், கால் வைக்கும் இடத்தைப் பார்த்து. வானம் பின்னணியாக வந்துதான் தீருமென்றால் எக்ஸ்போஷரை ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் கூட்டுங்கள். வானம் வெளுத்துப் போகட்டும், பறவையின் நிறம் வந்துவிடும்.

மேலே சாம்பல் மார்பு மலை டூக்கனைத் தேடுங்கள். பெரிய அலகைப் பார்த்தால் நம் இருவாச்சி நினைவு வரும், ஆனால் டூக்கன் வேறு குடும்பம், மரங்கொத்திக்குத்தான் உறவு.

துங்கி ஆடும் இடம்

பெருவின் தேசியப் பறவை ஆண்டியன் காக் ஆஃப் த ராக். கெச்சுவா மொழியில் துங்கி. சான் பெத்ரோ பக்கம் சாலையோரமாக இவற்றின் ஆடுகளமும் அதைப் பார்க்க மறைவிடமும் உண்டு. விடிகாலை ஐந்தே காலுக்குள் போய் உட்கார்ந்துவிட வேண்டும். பறவைகள் வந்த பிறகு நுழைந்தால் கலைந்துவிடும்.

முதலில் சத்தம்தான். இருட்டில் தொண்டைக்குள்ளிருந்து உறுமல், இடையிடையே அலகைச் சொடுக்கும் ஒலி. வெளிச்சம் வர வர, கிளைகளில் ஆரஞ்சுச் சிவப்பு உருண்டைகள் ஒவ்வொன்றாகத் தெரியும். அலகையே மறைக்கும் வட்டக் கொண்டை, கறுப்புச் சிறகு, முதுகில் வெள்ளிச் சாம்பல். ஓர் ஆண் தலையைத் தாழ்த்திச் சிறகை விரிக்கும், எதிர்க்கிளையில் இன்னொன்று பதில் சொல்லும். பழுப்பு நிறப் பெண் ஒன்று ஓசையில்லாமல் வந்து உட்கார்ந்தால் மொத்தக் களமும் கொதிக்கும். அந்தப் பெண்ணைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள், இத்தனை ஆட்டமும் அதற்காகத்தான்.

இங்கே ஃப்ளாஷ் கூடவே கூடாது. ஐ.எஸ்.ஓ 6400, எஃப்/5.6, ஷட்டர் 1/60 என்று தொடங்குங்கள், மோனோபாடில் ஊன்றிக்கொண்டு. இந்தப் பறவை ஒவ்வொரு குனிதலுக்கும் இடையில் ஒரு நொடி உறைந்து நிற்கும். அந்த நொடிக்காகக் காத்திருந்து ஐந்தாறு படங்களைத் தொடர்ச்சியாக எடுத்தால் ஒன்றாவது கூர்மையாக வரும். இன்னொரு சிக்கல் சிவப்பு. திரையில் எல்லாம் சரியாகத் தெரியும், வீட்டுக்கு வந்து திறந்தால் இறகின் விவரமெல்லாம் கரைந்து ஒரே சிவப்புத் திட்டாக இருக்கும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்புக் கோடு வலது விளிம்பில் முட்டினால் எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் குறையுங்கள்.

பகலில் தங்குமிடத் தோட்டத்திலேயே இருக்கலாம். ரீங்காரச்சிட்டுகளை ஈர்க்க அங்கே நட்டிருக்கும் ஊதாப்பூ வேலி, நம் ஊர்ச் சாலையோரத்தில் சீமை நாயுருவி என்கிறோமே, அதன் இனம். பூவைச் சுற்றும் சிட்டுக்கு ஷட்டர் 1/2500க்கு மேல் வேண்டும். ஒரே பூங்கொத்தை விடாமல் பார்த்திருங்கள், அதே சிட்டு சில நிமிடங்களில் அதே கொத்துக்குத் திரும்பி வரும்.

சமவெளிக் காட்டின் அடியில்

இங்கே இருட்டு, வெக்கை, அடர்த்தி. கலப்புக் கூட்டத்தை இங்கே நடத்திச் செல்வது சாம்பல் நீல ஆண்ட்ஷ்ரைக் பறவை. அதன் குரலைப் பிடித்தால் கூட்டத்தைப் பிடித்த மாதிரி. பருந்து வந்தால் முதலில் எச்சரிப்பதும் அதுதான். ஆனைமலைக் காடுகளில் துடுப்புவால் கரிச்சானோடு போகும் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காவல் வேலை புதிதல்ல. சார்லஸ் மன் என்ற ஆய்வாளர் மனூவில் பார்த்ததை 1986இல் நேச்சர் இதழில் எழுதினார்: இந்தக் காவல்காரப் பறவைகள் பருந்தே இல்லாதபோதும் சில நேரம் எச்சரிக்கைக் குரல் கொடுக்கும், மற்றவை திகைக்கும் நொடியில் பூச்சியைத் தட்டிக்கொண்டு போகும். இதைத் தெரிந்துகொண்டு நின்று பார்த்தால், கூட்டம் வெறும் பட்டியலாக இல்லாமல் ஒரு குடித்தனமாகவே தெரியும்.

ராணுவ எறும்புகளின் அணிவகுப்பைக் கண்டால் அன்றைய திட்டத்தைத் தள்ளிவைத்துவிடுங்கள். எறும்புக்குப் பயந்து ஓடும் பூச்சிகளைப் பிடிக்க எறும்புப் பறவைகள் முழங்கால் உயரக் குச்சிகளில் வந்து தொற்றும். அணிவகுப்பின் ஓரமாக, எறும்பு ஏறாத இடத்தில் குனிந்து அசையாமல் இருங்கள். 1/125, எஃப்/5.6, ஐ.எஸ்.ஓ 8000 வரை போகலாம். புள்ளி புள்ளியான படத்தைப் பின்னால் சரிசெய்துகொள்ளலாம், அசைந்த படத்தைச் சரிசெய்ய வழியில்லை.

கொல்பா: களிமண் தின்னும் கிளிகள்

ஆற்றங்கரைச் செம்மண் சரிவைக் கொல்பா என்கிறார்கள். பிளாங்கியோவில் விடியும் முன் மறைவிடத்துக்குள் போய்விட வேண்டும். முதலில் நீலத்தலைக் கிளிகளும் மற்ற சிறு கிளிகளும் இறங்கும். அவை போன பிறகு நீண்ட இடைவெளி. பலர் இந்த நேரத்தில் காலை உணவில் மும்முரமாகிவிடுவார்கள். அப்போது மேலே மரங்களில் ஜோடி ஜோடியாகச் சிவப்பு பச்சைப் பஞ்சவர்ணக்கிளிகள் கூடத் தொடங்கியிருக்கும். ஒன்று கொடியில் இறங்கும், எட்டிப் பார்க்கும், மேலே போகும். ஒரு மணி நேரம்கூட இப்படியே நடக்கும். ஏதாவது ஒன்று துணிந்து களிமண்ணில் கால் வைத்த பிறகுதான் மற்றவை இறங்கும். இரண்டு காரணம் சொல்கிறார்கள்: காய்களில் இருக்கும் நஞ்சைக் களிமண் கட்டிப்போடும் என்பது ஒன்று, கடலிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் இந்தக் காட்டில் கிடைக்காத சோடியத்துக்காக என்பது இன்னொன்று. பெருவின் இன்னொரு காடான தம்போபாத்தாவில் நடந்த ஆய்வுகள் இரண்டாவதன் பக்கம் சாய்கின்றன.

கிளிகள் மேலே தயங்கும் நேரத்தில் ஒருவர் கையை வெளியே நீட்டினாலும் போதும், அன்றைக்கு யாருக்கும் படம் இல்லை. 1/1600, சரிவின் நடுவில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். கலையும் நொடியில் எல்லாம் ஒன்றாகப் பறக்கும். தூரம் அதிகம், ஸ்கோப் இருந்தால் நல்லது.

பக்கத்தில் கமுங்கோவில் ஒரு பெரிய இலவ மரத்தில் மேடை கட்டியிருக்கிறார்கள். தலையணைக்குப் பஞ்சு தரும் நம் இலவுதான், அதற்குத் தாயகம் இந்த அமெரிக்கக் கண்டம். இலவு காத்த கிளி என்போமே, இங்கே நான் இலவ மரத்தின் உச்சியில் உட்கார்ந்து கிளிகளுக்காகக் காத்திருந்தேன். வந்தன.

கொச்சாவில் துடுப்புப் படகு

ஆறு திசை மாறி விட்டுப்போன லாட வடிவ ஏரிகள்தான் கொச்சா. கரையோரப் புதரில் ஹோட்ஸின் உட்கார்ந்து மூச்சிரைக்கும். பெரும்பாலும் இலையையே தின்று, தொண்டைப் பையில் நொதிக்க வைத்துச் செரிக்கும் பறவை இது, கிட்டப் போனால் சாணி வாடை வரும். குஞ்சுகளுக்குச் சிறகில் நகங்கள் உண்டு. ஆபத்து என்றால் தண்ணீரில் குதித்து, அந்த நகத்தால் கிளை பற்றி ஏறி வரும். அதனாலேயே கூட்டுக்குப் பக்கத்தில் படகை நிறுத்தச் சொல்லாதீர்கள், குஞ்சைக் குதிக்க வைத்து எடுக்கும் படம் நமக்கு வேண்டாம். படகில் முக்காலி பயன்படாது, ஆட்டம் அப்படியே லென்ஸுக்கு ஏறும். உட்கார்ந்து முழங்கையை முட்டியில் ஊன்றுங்கள்.

ஈரம்

குளிர்ந்த மேல்காட்டிலிருந்து கீழே வந்ததும் பையைத் திறக்காதீர்கள். அரை மணி நேரம் மூடியே வைத்தால் லென்ஸுக்குள் பனி படியாது. சிலிக்கா ஜெல் பொட்டலங்களைக் காற்றுப் புகாத பையில் லென்ஸோடு போட்டு வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஜெல்லைத் தனியாகக் கொட்டி, சமையலறையில் கேட்டு வாணலியில் மெல்லிய தீயில் சூடாக்கினால் மறுபடி உழைக்கும்.

செய்யக் கூடாதவை

பதிவு செய்த குரலைப் போட்டு அழைப்பதை நான் விட்டுவிட்டேன். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டது என்று நம்பி, இரை தேடுவதை விட்டு ஓடி வருகிறது அந்தப் பறவை. ஒரே பாதையில் தினமும் ஐந்து குழு அதையே செய்தால் அது எப்போது சாப்பிடும்?

பூங்காவின் உட்பகுதிக்குப் பயணிகள் போக முடியாது. மனூ ஆற்றின் கீழ்ப்பகுதி ஏரிகளுக்கு அனுமதி பெற்ற நிறுவனத்தோடுதான் போகலாம். இந்தக் காடுகளில் மாஷ்கோ பிரோ மக்கள் வெளியுலகத் தொடர்பு இல்லாமல் வாழ்கிறார்கள். கரையில் யாராவது தெரிந்தால் படகு நிற்கக் கூடாது, கேமரா உயரக் கூடாது. நமக்குச் சாதாரணமான சளிக்காய்ச்சல் அவர்களில் பலரின் உயிரைப் பறிக்கும். மத்சிகெங்கா பழங்குடிச் சமூகத்தினர் நடத்தும் தங்குமிடம் கொச்சா சால்வதோரில் இருக்கிறது. அங்கே தங்கினால் பணம் காட்டுக்காரர்களிடமே போய்ச் சேரும்.

ஒவ்வொரு மாலையும்

ஜெனரேட்டர் ஓடும்போது முதலில் படங்களை இரண்டு இடத்தில் நகலெடுங்கள். அப்புறம் வழிகாட்டியோடு உட்கார்ந்து அன்றைய பட்டியலை வாசியுங்கள். பார்த்தது, கேட்டது மட்டும் என்று தனித்தனியாகக் குறித்து, சிக்னல் வந்ததும் ஈபேர்டில் ஏற்றுங்கள். கைபேசியில் பதிவு செய்த குரல் இருந்தால் அதையும் சேருங்கள், பெயர் தெரியாத குரலுக்கு யாராவது பெயர் சொல்வார்கள். என் பட்டியலில் கேட்டது மட்டும் என்று 41 இனங்கள் இருந்தன. அதில் ஒன்றை, கறுப்பு முக ஆண்ட்த்ரஷ்ஷை, கடைசி நாள் விடிகாலையில் படகுக்கு நடந்து போகும்போது பார்த்தேன். ஒரு வாரமாகக் காதில் இருந்த அதே இறங்கும் விசில். நின்றேன். பாதையின் குறுக்கே குட்டிக் கோழி போல வாலை நிமிர்த்திக்கொண்டு நிதானமாக நடந்து போனது. கேமரா பைக்குள் இருந்தது, நான் அதை எடுக்கவில்லை.